பாஸ் முடிந்ததும் லாகில் என்ன எழுதுவது? செயற்கைக்கோள் வழித் தொடர்புகளைப் பதிவு செய்யும் முறை

கேள்வி கேட்டவர் கடலூர் தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்தவர், ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் வியு3 என்று தொடங்கும் கால்சைன் (அழைப்புக் குறி) பெற்ற புதிய நண்பர். ஐந்து வாட் ஹேண்டி (கையடக்க வானொலி செட்), கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனா, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எஸ்ஓ-50 செயற்கைக்கோள் வழியாகவும் சர்வதேச விண்வெளி நிலையம் வழியாகவும் பேசத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு மூன்று சிக்கல்கள். ஒரு கையில் ஆன்டெனா, மறு கையில் செட் என்பதால் பேசும்போது லாகில், அதாவது தொடர்புகளைப் பதியும் குறிப்பேட்டில், எழுத முடிவதில்லை, பிறகு நினைவிலிருந்து எழுதுகிறார். இருவர் எழுதியதையும் ஒப்பிட்டுத் தொடர்பை உறுதிசெய்யும் எல்ஓடிடபிள்யூ இணையதளத்தில் ஏற்றினால் பாதிக்கு மேல் எதிர்முனையோடு பொருந்துவதில்லை. காரைக்காலுக்குப் போனபோது பேசியவற்றை எந்த கிரிட்டில் (உலக வரைபடத்தைப் பிரித்த இடக்குறியீட்டுச் சதுரத்தில்) எழுதுவது என்றும் தெரியவில்லை.

நண்பரே, மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். லாகில் நீங்கள் எழுதும் ஒரு வரி இரண்டு பேருக்குச் சொந்தம். உங்களோடு பேசியவர் தாய்லாந்திலோ வங்கதேசத்திலோ உட்கார்ந்துகொண்டு "எம்கே91 கிடைத்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டிருப்பார்; எம்கே91 என்பது கடலூரின் கிரிட். கடலூர், புதுச்சேரிப் பகுதியிலிருந்து செயற்கைக்கோளில் வருபவர்கள் மிகக் குறைவு. உங்கள் வரி தவறாக இருந்தால் அவர் சேகரித்த கிரிட்டும் உறுதியாகாது. நான் கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் கை சிக்கல். பாஸ் (செயற்கைக்கோள் நம் வானில் எழுந்து மறைவது) நடக்கும்போது எழுத முயற்சி செய்யாதீர்கள். எஸ்ஓ-50 தலைக்கு மேல் போகும் நல்ல பாஸே 13 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், விண்வெளி நிலையம் 10 நிமிடம்தான். அந்த நேரத்தில் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும், அலைமுனைவு மாறும்போது மணிக்கட்டைச் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும், டாப்ளருக்கு (செயற்கைக்கோள் நகர்வதால் அலைவரிசை மாறிக் கேட்பதற்கு) ஏற்ப சானலை மாற்ற வேண்டும். எஸ்ஓ-50இன் டவுன்லிங்க் (அங்கிருந்து நமக்கு வருவது) 436.795 மெகாஹெர்ட்ஸ். அது அடிவானத்தில் எழும்போது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே கேட்கும், மறையும்போது அதே அளவு கீழே போயிருக்கும். 436.805இல் தொடங்கி ஐந்து ஐந்து கிலோஹெர்ட்ஸாக 436.785 வரை இறங்கும்படி ஐந்து சானல்களை நினைவகத்தில் போட்டுவைப்பது வழக்கம். அப்லிங்க் (நாம் அனுப்புவது) 145.850, அதோடு 67 ஹெர்ட்ஸ் டோன். செயற்கைக்கோளின் டைமர் நின்றுபோயிருந்தால் 74.4 ஹெர்ட்ஸ் டோனைச் சில நொடி அனுப்பிப் பத்து நிமிடத்துக்கு எழுப்ப வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் பேனாவைத் தேடினால் பாஸும் போகும், லாகும் போகும்.

ஆகவே பாஸ் முழுவதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். அதுதான் முதல் லாக், காகிதமும் கணினியும் அதற்குப் பிறகுதான்.

எளிய வழி, போனில் ஒலிப்பதிவுச் செயலியைத் தொடங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. ஹேண்டியின் ஸ்பீக்கரும் உங்கள் குரலும் இரண்டுமே விழும். ஆரம்பத்துக்கு இது போதும். ஆனால் கடற்கரையில் நின்றால் காற்றும் அலையும் மைக்கை மூடிவிடும். தென்மேற்குப் பருவ மாதங்களில் பிற்பகல் கடற்காற்று எழும்பிவிட்டால் பதிவில் இரைச்சல் தவிர ஒன்றும் மிஞ்சாது. அப்போது ஹேண்டியின் இயர்போன் துளையிலிருந்து கம்பி வழியாகப் பதிவு செய்வதுதான் சரி.

கம்பி வழி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். இயர்போனுக்கு வரும் ஒலி, மைக் உள்ளீட்டுக்கு மிக அதிகம். நேராகச் செருகினால் ஒலி நசுங்கிக் கரகரக்கும். குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். போனில் பதிவு செய்வதானால், மைக் முனைக்கும் தரைக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம் மின்தடை, அங்கிருந்து 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, அதன் பிறகு 47 கிலோ ஓம் மின்தடை, அதன் மறுமுனை ஹேண்டியின் இயர்போனுக்கு. குறுக்கே இருக்கும் அந்த 2.2 கிலோ ஓமைப் பார்த்துத்தான் போன் "வெளி மைக் செருகியிருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். மின்தேக்கி, போன் மைக்குக்குத் தரும் நேர்மின்னழுத்தம் ஹேண்டிக்குள் போகாமல் தடுக்கும். கம்பியைக் குட்டையாக வைத்து ஒரு ஃபெரைட் கிளிப்பையும் மாட்டுங்கள். ஐந்து வாட் அரை மீட்டர் தூரத்தில் இருக்கும்போது கம்பியே ஆன்டெனாவாகி, பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தும் போதெல்லாம் பதிவில் உறுமல் விழும். இதெல்லாம் வேண்டாம் என்றால், மைக் உள்ளீடு உள்ள சிறிய டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதில் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் யாரும் பேசாத இடைவெளியில் இரைச்சலை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, அடுத்தவர் பேசும் முதல் அரை நொடியை அது விழுங்கிவிடும். கால்சைனின் முதல் எழுத்து இருப்பது அந்த அரை நொடியில்தான்.

இயர்போன் கம்பியில் மட்டும் பதிவு செய்யும்போது இன்னொரு குறை உண்டு. சாதாரண ஹேண்டி, நீங்கள் அனுப்பும் நேரத்தில் கேட்காது. நீங்கள் சொன்னது பதிவில் இருக்காது. எதிர்முனை "ராஜர்" (பெற்றேன்) என்கிறார், எதற்கு ராஜர் என்று பிறகு தெரியாது. அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என இரண்டு ஹேண்டி வைத்துக்கொண்டால் உங்கள் குரலே செயற்கைக்கோள் வழியாகத் திரும்பி வருவதைக் கேட்கலாம், அதுவும் பதிவாகும். முடிந்தால் இதற்கு முயற்சி செய்யுங்கள் என்பேன். நீங்கள் செயற்கைக்கோளுக்குள் போய்ச் சேர்ந்தீர்களா, யார் மேலாவது ஏறிப் பேசிவிட்டீர்களா என்பதெல்லாம் அந்தக் கணமே தெரியும். ஒரு தொல்லை: 145.850இன் மூன்றாவது ஹார்மோனிக் (மும்மடங்கு அலைவரிசை) 437.55 மெகாஹெர்ட்ஸ், நீங்கள் கேட்கும் அலைவரிசைக்கு முக்கால் மெகாஹெர்ட்ஸ் தூரம்தான். இரண்டு ஹேண்டியையும் ஒட்டிவைத்தால் அனுப்பும்போது கேட்கும் செட் செவிடாகிவிடும். ஆன்டெனாவில் இரு அலைப்பட்டைகளையும் பிரிக்கும் டிப்ளெக்சரோ, கேட்கும் பக்கம் ஒரு வடிகட்டியோ போட்டால் சரியாகும்.

பதிவு தொடங்கியதும் வாயால் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சொல்லுங்கள். "யூடிசி, பூஜ்ஜியம் ஒன்று நாற்பத்திரண்டு, எஸ்ஓ-50, எம்கே91, தேவனாம்பட்டினம்." இந்தப் பத்து நொடி வேலை பிறகு மணிக்கணக்கில் தேடுவதை மிச்சப்படுத்தும். கோப்பில் இருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். சில செயலிகள் பதிவு முடிந்த நேரத்தை எழுதும், சில தொடங்கிய நேரத்தை எழுதும், வேறு போனுக்கு நகல் எடுத்தால் நகல் எடுத்த நேரம் ஏறிவிடும். நீங்கள் வாயால் சொன்னது மாறாது. பாஸின் நடுவிலும் இடைவெளி கிடைத்தால் பேசிவையுங்கள்: "கிழக்கே, உயரம் இருபது, இப்போதுதான் தெளிவானது." உங்கள் இடத்தில் எந்தத் திசையில் எந்த உயரத்தில் ஒலி கிடைக்கிறது என்று பத்துப் பதினைந்து பாஸில் ஒரு வரைபடமே கிடைத்துவிடும். தேவனாம்பட்டினத்தின் சில்வர் பீச்சில் கிழக்கே வங்கக் கடல், அடிவானம் வரை தடுப்பதற்கு ஒன்றுமில்லை. செயற்கைக்கோள் எழும் முதல் நிமிடத்திலேயே கேட்கும். மேற்கே ஊர், அதற்கு அப்பால் கேப்பர் மலை. அந்தப் பக்கம் மறையும் பாஸில் கடைசி ஒரு நிமிடத்தை நம்பி யாரையும் அழைக்காதீர்கள்.

இனி நேரம். எல்ஓடிடபிள்யூவில் பொருந்தாதவற்றில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். லாக் முழுவதும் யூடிசியில் இருக்க வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தேதியும் சேர்ந்து மாறும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 2025 ஜனவரி 14, பொங்கலன்று காலை 5:12க்கு ஒருவரோடு பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாகில் அது ஜனவரி 13, 23:42. காலை ஐந்தரைக்கு முன் நடக்கும் எந்தப் பேச்சும் முந்தைய தேதிக்குப் போகும். ஜனவரி முதல் தேதி அதிகாலையில் பேசினால் ஆண்டே பின்னுக்குப் போகும். விடிகாலை பாஸ்கள் அமைதியானவை, நிறைய பேர் விரும்புவது, அதனால் இந்தத் தவறும் நிறைய. எல்ஓடிடபிள்யூ இருவர் எழுதிய நேரத்துக்கும் இடையில் 30 நிமிடம் வரை வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும். ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் முன்பின் இருப்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஐந்தரை மணி நேரமோ ஒரு நாளோ தவறினால் அதை எதுவும் காப்பாற்றாது.

போனில் இரண்டாவது கடிகாரமாக யூடிசியை வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிரெடிக்ட், லுக்4சாட் போன்ற பாஸ் கணிக்கும் மென்பொருள்களிலும் நேரத்தை யூடிசிக்கு மாற்றிவிடுங்கள். தலைக்குள் கழித்தல் கணக்குப் போடும் வேலையே இருக்கக் கூடாது. அந்த மென்பொருள்களுக்குக் கொடுக்கும் சுற்றுப்பாதைத் தரவையும் சில நாளைக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பழைய தரவில் விண்வெளி நிலையம் நிமிடக்கணக்கில் தள்ளிப்போகும், ஏனெனில் அது தாழ்வாகப் பறக்கிறது, காற்றின் இழுப்பு அதிகம், அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தூக்குகிறார்கள்.

அடுத்தது லாகின் கட்டங்கள். சாதாரண 2 மீட்டர் பேண்டு (அலைப்பட்டை) பேச்சுக்குப் பழகியவர்கள் செயற்கைக்கோளுக்கு வரும்போது இங்கே தடுமாறுவார்கள். அலைவரிசை என்ற கட்டத்தில் நீங்கள் அனுப்பியதை எழுத வேண்டும், கேட்டதை அல்ல. எஸ்ஓ-50 என்றால் பேண்டு 2 மீட்டர், அலைவரிசை 145.850. கேட்கும் பேண்டு என்று தனிக் கட்டம் இருக்கும், அதில் 70 சென்டிமீட்டர், 436.795. டாப்ளரால் அந்த நேரத்தில் 436.800இல் கேட்டீர்களா 436.790இல் கேட்டீர்களா என்பதை லாகில் காட்ட வேண்டியதில்லை, பெயரளவு அலைவரிசையே போதும். விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டருக்கு (வந்ததை வாங்கி மறுபடி அனுப்பும் கருவிக்கு) அப்லிங்க் 145.990, 67 ஹெர்ட்ஸ் டோன், டவுன்லிங்க் 437.800. 2020 செப்டம்பரில் அந்த ரிப்பீட்டரை இயக்கத் தொடங்கினார்கள். விண்வெளி நடை, கப்பல் இணைப்பு போன்ற வேலைகள் நடக்கும்போது நிறுத்திவைப்பார்கள், கேட்கவில்லை என்றால் உங்கள் ஆன்டெனாவைச் சந்தேகிக்கும் முன் அதைப் பாருங்கள்.

பரவல் முறை என்ற கட்டத்தில் செயற்கைக்கோள் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து செயற்கைக்கோளின் பெயர். இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால், எல்ஓடிடபிள்யூவுக்குக் கையொப்பமிடும் டிக்யூஎஸ்எல் மென்பொருள் அந்த வரியைத் தடுத்துவிடும், நீங்களும் திருத்திவிடுவீர்கள். ஆபத்து இரண்டுமே காலியாக இருப்பதுதான். அப்போது எந்த எச்சரிக்கையும் வராது. நீங்கள் கடலூரிலிருந்து பாங்காக்கோடு நேரடியாக 2 மீட்டரில் பேசியதாக அது பதிவாகும். எதிர்முனையில் இருப்பவர் எஸ்ஓ-50 வழியாக என்று சரியாக எழுதியிருப்பார். இரண்டும் ஒருநாளும் பொருந்தாது. உங்கள் லாகைத் திறந்து முதலில் இதைத்தான் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயரும் மென்பொருள் வைத்திருக்கும் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். எஸ்ஓ-50 என்பதில் நடுக்கோடு உண்டு. கிளவுட்லாக், வேவ்லாக் போன்ற லாக் மென்பொருள்களில் செயற்கைக்கோளைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் அலைவரிசைகளும் தாமாக நிரம்பிவிடும். தட்டச்சு செய்வதைவிட அது பாதுகாப்பு.

கையால் குறிப்பு எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: கால்சைனையும் கிரிட்டையும் ரோமன் எழுத்தில்தான் குறியுங்கள். அவசரத்தில் தமிழில் எழுதிவிட்டால் "பி" என்பது பாப்பாவா (P) பிராவோவா (B), "டி" என்பது டேங்கோவா (T) டெல்டாவா (D) என்று மறுநாள் யாராலும் சொல்ல முடியாது.

கிரிட் விஷயத்துக்கு நம் பகுதி மிகவும் ருசியானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிரிட் சதுரம் ஒன்று தீர்க்கரேகையில் 2 பாகை, அட்சரேகையில் 1 பாகை. கடலூர் 11.75 பாகை வடக்கு, புதுச்சேரி நகரம் 11.93. இரண்டுமே 80 பாகை கிழக்குக்குச் சற்று மேற்கே. அதனால் இரண்டும் எம்கே91. சிதம்பரமும் அதே. ஆனால் 12 பாகை வடக்கு என்ற கோடு புதுச்சேரிக்கு மிக அருகில், கோட்டக்குப்பத்துக்கும் காலாப்பட்டுக்கும் நடுவே கடற்கரையை வெட்டிப் போகிறது. கோட்டுக்கு வடக்கே போனால் எம்கே92. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு எம்கே92. ஆரோவில்லின் மாத்ரிமந்திர் கோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வடக்கே இருக்கிறது, அதுவும் எம்கே92. பேருந்தில் அரைமணி நேரம் போனால் புதிய கிரிட். இன்னும் வடக்கே போய் 80 பாகையைத் தாண்டினால் முதல் எழுத்தே மாறும். கல்பாக்கம் என்கே02, சென்னை என்கே03.

நீங்கள் கேட்ட காரைக்கால், 10.92 பாகை. அது எம்கே90. ஆகவே அங்கே பேசியவை எல்லாம் எம்கே90 என்றுதான் லாகில் ஏற வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்: புதுச்சேரி நகரம் எம்கே91, காலாப்பட்டு எம்கே92, காரைக்கால் எம்கே90, மாஹே எம்கே71, ஏனாம் என்கே16. ஒரே நிர்வாகத்தின் கீழ் ஐந்து கிரிட். இந்தியாவில் கிரிட் சேகரிப்பவர் யாருக்காவது விடுமுறைப் பயணம் போட வேண்டும் என்றால் இந்த வரிசையே போதும். போவதற்கு முன் உங்கள் உரிமம் எந்த இடத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறது, வேறிடத்தில் இயக்க என்ன அனுமதி வேண்டும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்ஓடிடபிள்யூவில் கிரிட்டை ஒவ்வொரு பேச்சுக்கும் நீங்கள் எழுதுவதைவிட, டிக்யூஎஸ்எல்லில் நிலைய இடம் என்று ஒன்றை உருவாக்குவதுதான் முறை. வீட்டுக்கு ஒன்று: இந்தியா, சிக்யூ மண்டலம் 22, ஐடியு மண்டலம் 41, எம்கே91. காரைக்காலுக்கு எம்கே90 போட்டு இன்னொன்று. ஏற்றும்போது சரியானதைத் தேர்ந்தெடுங்கள். காரைக்கால் பேச்சுகளை வீட்டு இடத்தோடு ஏற்றிவிட்டால், தொடர்பு பொருந்திவிடும், பச்சை விளக்கும் எரியும். ஆனால் எதிர்முனையில் இருப்பவருக்கு எம்கே91 என்று போய்ச் சேரும். அவர் கேட்டது எம்கே90. அரிய கிரிட் ஒன்றை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டோம். பொருந்தாமல் போவதைவிட இது மோசம், ஏனெனில் யாருக்கும் சட்டென்று தெரியாது. அதனால்தான் உங்கள் கிரிட்டையும் லாக் மென்பொருளில் ஒவ்வொரு வரியிலும் சேமித்துவைக்கச் சொல்கிறேன். ஏற்றும்போது இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

உங்கள் சொந்தக் கணக்குக்கு: செயற்கைக்கோள் வழி 100 கிரிட் சேர்த்தால் அமெரிக்காவின் ஏஆர்ஆர்எல் அமைப்பு வியுசிசி சான்றிதழ் தருகிறது. நீங்கள் இயக்கிய இடங்கள் ஒன்றுக்கொன்று 200 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கடலூர், காலாப்பட்டு, காரைக்கால் மூன்றும் தாராளமாக இதற்குள் அடங்கும். ஏனாமும் மாஹேயும் அடங்காது, அவற்றைத் தனியாக வைக்க வேண்டும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். ஒலிப்பதிவு கையில் இருந்தால் ஒரு சபலம் வரும். மாலையில் ஹெட்போனில் பொறுமையாகக் கேட்கும்போது, நேரடியாகக் கேட்டபோது காதில் விழாத ஒரு குரல் தெளிவாகக் கேட்கும். மலேசியாவிலிருந்து ஒருவர் உங்கள் கால்சைனைச் சொல்லி அழைத்திருப்பார், கிரிட்டும் கொடுத்திருப்பார். நீங்கள் அப்போது வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இதை லாகில் எழுதலாமா? கூடாது. அவர் அழைத்தார், நீங்கள் பதில் தரவில்லை, அங்கே தொடர்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. இருவரும் ஒருவர் கால்சைனை ஒருவர் அந்த நேரத்தில் பெற்று, தகவலைப் பரிமாறி, பெற்றதை உறுதி சொல்லியிருந்தால்தான் அது தொடர்பு.

மற்றொரு நிலை: நீங்கள் அவருக்குப் பதில் சொன்னீர்கள், கிரிட்டைப் பெற்றேன் என்றும் சொன்னீர்கள், ஆனால் பாஸ் முடிந்தபிறகு அவர் கால்சைனின் கடைசி எழுத்து கோல்ஃபா கிலோவா என்று மறந்துவிட்டது. பதிவைக் கேட்டு கிலோ என்று எழுதுகிறீர்கள். இதில் எந்தத் தவறும் இல்லை. நடந்ததைத்தான் பதிவு நினைவூட்டுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறமாகச் சில வரும்: கிரிட்டின் ஒரு எழுத்து நேரடியாகவே இரைச்சலில் போய்விட்டது, ஆனாலும் அவசரத்தில் ராஜர் சொல்லிவிட்டீர்கள். என் தீர்ப்பு, அடுத்த பாஸில் அவரைப் பிடித்து மறுபடி கேளுங்கள் என்பதுதான். அவருடைய கிரிட்டைக் கால்சைன் பட்டியலில் தேடி நிரப்பாதீர்கள். அவர் அன்று வீட்டில்தான் இருந்தார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கிரிட் கொடுப்பதற்காகவே கடற்கரைக்கும் மலைக்கும் போகிறவர்கள் நிறைந்த பொழுதுபோக்கு இது.

பதிவைக் கேட்டு எழுதும் வேலையை அன்றே முடித்துவிடுங்கள். ஆடாசிட்டி ஒலித்திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்தால் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது நிமிடம் என்று தெரியும். நீங்கள் வாயால் சொன்ன யூடிசியோடு அதைக் கூட்டினால் ஒவ்வொரு தொடர்பின் நேரமும் கிடைத்துவிடும். சந்தேகமான இடத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிக் கேளுங்கள். கோப்பின் பெயரில் யூடிசி தேதி, நேரம், செயற்கைக்கோள், உங்கள் கிரிட் என்ற வரிசையில் வையுங்கள், பெயர்களை வரிசைப்படுத்தினாலே காலவரிசை வந்துவிடும். 64 கிலோபிட் எம்பி3 ஆக வைத்தால் 12 நிமிட பாஸ் 6 மெகாபைட்டுக்குள் அடங்கும். அழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த கட்டமாக ஆர்எஸ்-44க்குப் போகும் எண்ணம் இருந்தால் பதிவு முறை மாறும். 2019 டிசம்பரில் ஏவப்பட்ட ரஷ்யச் செயற்கைக்கோள் அது. சுமார் 1,200 முதல் 1,500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் பாஸ் இருபது நிமிடத்தையும் தாண்டும், எஸ்ஓ-50இல் எட்டாத தூரங்களும் எட்டும். எஃப்எம் போல ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது அல்ல, 60 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பலர் ஒரே நேரத்தில் பேசலாம். அப்லிங்க் 145.935 முதல் 145.995 வரை கீழ்ப்பக்கப் பட்டை, டவுன்லிங்க் 435.610 முதல் 435.670 வரை மேல்பக்கப் பட்டை, தலைகீழாக: அப்லிங்க்கில் மேலே போனால் டவுன்லிங்க்கில் கீழே வரும். அப்லிங்க்கையும் டவுன்லிங்க்கையும் கூட்டினால் டாப்ளர் நீங்கலாக எப்போதும் 581.605 வரும். லாகில் இரண்டு அலைவரிசைகளையும் எழுதியபின் கூட்டிப் பாருங்கள், தட்டச்சுப் பிழை உடனே தெரியும்.

இங்கே ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் வானொலிப் பெறுவி) ஒன்று வைத்து ஐக்யூ பதிவு (அலைப்பட்டையையே அப்படியே பதிவது) எடுத்தால் முழு 60 கிலோஹெர்ட்ஸும் கோப்பில் வந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் எந்த அலைவரிசையில் வேண்டுமானாலும் திருப்பி மறுபடி கேட்கலாம். நொடிக்கு 2,50,000 மாதிரிகள், 8 பிட் என்றால் 12 நிமிடத்துக்குச் சுமார் 360 மெகாபைட். டாங்கிளின் வழக்கமான 24 லட்சம் மாதிரிகளில் விட்டுவிட்டால் அதே 12 நிமிடம் 3.4 கிகாபைட்டைத் தாண்டும், 16 பிட்டில் சேமிக்கும் மென்பொருளானால் இன்னும் இரட்டிப்பு. குறைந்த வேகமே போதும்.

சேமித்தவற்றைப் பற்றி. லாகை ஏடிஐ கோப்பாக அடிக்கடி ஏற்றுமதி செய்து வேறிடத்தில் ஒரு நகல் வையுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, எந்த மென்பொருளிலும் திறக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சலும் புதுச்சேரி அருகே. வீட்டுக்குள் தண்ணீர் வரும் ஊரில் ஒரே கணினியில் ஒரே நகல் வைத்திருக்கக் கூடாது. காகித லாக் புத்தகமும் இருக்கட்டும், 1978ஆம் ஆண்டின் இந்திய அமெச்சூர் சேவை விதிகள் லாக் பராமரிப்பதை நம் கடமையாகவே சொல்கின்றன.

செயற்கைக்கோள் போய்விடும், லாக்தான் நிற்கும். நம் நாட்டின் ஹாம்சாட், வியோ-52 என்று எல்லோரும் அழைத்தது, 42.5 கிலோ எடை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6இல் கார்ட்டோசாட்-1 உடன் போனது. இந்தியர் செய்த டிரான்ஸ்பாண்டர் (அலையை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) ஒன்றும், நெதர்லாந்து ஹாம் ஒருவர் செய்தது ஒன்றும் அதில் இருந்தன. 2014 ஜூலையில் மின்கலம் செத்து அமைதியானது. அதில் பேசியவர்கள் இன்றைக்கும் தங்கள் வியோ-52 வரிகளை உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள், பழைய லாகை ஒழுங்காக வைத்திருந்த காரணத்தால் மட்டுமே. 1974இல் ஏவிய ஏஓ-7 என்ற ஹாம் செயற்கைக்கோள், 1981இல் இறந்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு 2002இல் சூரிய ஒளியில் மறுபடி எழுந்தது. அதன் லாகுகளில் இருபது ஆண்டு இடைவெளியே தெரியும்.

கடைசியாக, இதுவரை நினைவிலிருந்து எழுதிப் பொருந்தாமல் கிடக்கும் உங்கள் பழைய வரிகள். தூக்கி எறிய வேண்டாம். முதலில் பரவல் முறையும் செயற்கைக்கோள் பெயரும் காலியாக உள்ளவற்றைத் திருத்துங்கள். பிறகு காலை ஐந்தரைக்கு முந்தைய பேச்சுகளின் தேதியைப் பாருங்கள். பிறகு காரைக்கால் நாட்களின் இடத்தை மாற்றுங்கள். திருத்தியவற்றை மட்டும் மறுபடி கையொப்பமிட்டு ஏற்றுங்கள். எல்ஓடிடபிள்யூவில் ஏற்றியதை நாம் அழிக்க முடியாது. தவறான பழைய வரி பொருந்தாமலே ஒரு ஓரத்தில் கிடக்கும், சரியான வரி எதிர்முனையோடு சேர்ந்துகொள்ளும். வீட்டு இடத்தோடு ஏறி ஏற்கனவே பொருந்திவிட்ட காரைக்கால் பேச்சுகளுக்கு மட்டும், சரியான கிரிட்டோடு ஏற்றிய கையோடு எதிர்முனை நண்பருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள், எந்தத் தேதி, எந்தப் பாஸ், எம்கே90 என்று.